பிசியோ அக்காவின் நடை

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் பிசியோ அக்கா. பக்கவாதத்தில் விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது வேலை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதென்று நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு இதற்கு வந்தவள். இங்கே ரத்தம் கிடையாது, ஆள் மட்டும்தான் கனம்.

அந்தக் கனத்தில் முதுகு போயிற்று. "குனியாதீங்க, முட்டியை மடக்கித் தூக்குங்க" என்று நோயாளிகளின் வீட்டாருக்கு வகுப்பெடுப்பவள் அவள்தான். சரிந்து விழும் ஆளிடம், "கொஞ்சம் இருங்க, முட்டியை மடக்கிக்கிறேன்" என்றா சொல்ல முடியும்?

வெளியே மூச்சுவிடவில்லை. முதுகு வலி என்று வாய் திறந்த இருவரைப் பெரிய டாக்டர் டோக்கன் மேசையில் உட்காரவைத்துவிட்டார். ஆளை நடக்கவிட்டுப் பார்க்கும் ருசி கண்டவளுக்கு டோக்கன் கிழிப்பதெல்லாம் ஒரு வேலையா? ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாததால் எல்லோரும் நின்றபடியே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அங்கேயும் அவள் சொல்லவில்லை.

கணவனுக்கு மட்டும் தெரியும். "ஊரையே நிமிர்த்துறே, நீ கேள்விக்குறி மாதிரி வர்றே" என்பான், தைலம் தேய்த்துக்கொண்டே.

"பேசாம தேய்ங்க. இன்னும் கீழே."

அப்போதுதான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். வலது கால் விழுந்திருந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவர் நிற்க, மனைவி பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, பிசியோ அக்கா முன்னால் நடந்து காட்டுவாள். "என்னைப் பாருங்க அண்ணே. அப்படியே வாங்க."

டிரைவர் கெட்டிக்காரர். அப்படியே வந்தார்.

பெரிய டாக்டர் பார்வையிட்ட நாளில், கம்பியைத் தொடாமலே நடந்துகாட்டினார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "வலது கால்தானே விழுந்தது? ஏன் இடது கால்ல நொண்டுறீங்க?"

"அக்கா நடந்து காட்டினபடிதான் சார். இம்மிகூட மாத்தலை" என்றார் டிரைவர் பெருமையாக.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மூளையில இன்னொரு அடைப்பு இருக்கும்போல. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடலாம்."

டிரைவருக்கு முகம் வெளுத்தது. மனைவி பட்டையை இறுகப் பிடித்தாள். பிசியோ அக்கா டோக்கன் மேசை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஸ்கேன் வேண்டாம் டாக்டர். அது அவரோட நொண்டல் இல்லை, என்னோடது. முதுகு வலி இடது காலுக்கு இறங்கியிருக்கு."

சொன்னதோடு நிற்காமல், எதையும் மறைக்காமல் கூடத்தின் கடைசிவரை நடந்து திரும்பினாள்.

"அட, அதே ஆட்டம்!" என்றாள் டிரைவரின் மனைவி. "நானும் இதுதான் சரியான நடைன்னு வீட்டுல நடந்து பழகினேனே!"

டாக்டர் பெருமூச்சுவிட்டார். "மேசைக்கு அனுப்பலாம்னா அங்கே ஏற்கெனவே ரெண்டு முதுகு உட்கார்ந்திருக்கு, மூணாவதுக்கு இடமில்லை. தூக்குறதுக்கு ஆள் போடுறேன். நீங்க வாயால மட்டும் சொல்லுங்க."

"வாய்க்கு வலியே இல்லை டாக்டர்."

"அப்போ நான் யாரைப் பார்த்து நடக்கிறது?" என்றார் டிரைவர்.

டாக்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நாலு எட்டு வைத்தார். நாலாவது எட்டில் அவர் கையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. டிரைவரின் மனைவி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"வேண்டாம் சார், நீங்க உட்காருங்க" என்றாள்.