அத்தை உடைக்கச் சொன்ன சொல்

நோயாளியின் காகிதத்தில் இருப்பதை உரிய அனுமதியின்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று, அரசாங்க ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஓய்வுபெறும் வரை அந்த விதியை நான் மீறியதில்லை. மீற வேண்டியதைப் பதின்மூன்று வயதிலேயே மீறி முடித்திருந்தேன்.

அப்போது நான் ரிமூவ் வகுப்பில் இருந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தவர்களை ஆங்கிலப் பள்ளியில் நேராக ஃபாரம் ஒன்றில் சேர்க்க மாட்டார்கள். ஓராண்டு தனியாக உட்காரவைத்து ஆங்கிலத்தைப் புகட்டுவார்கள். அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து அதற்காக கோல சிலாங்கூருக்கு பஸ் ஏறியவள் நான் ஒருத்திதான்.

ஆங்கில ஆசிரியை எங்கள் முழிப்பைப் பார்த்து இரக்கப்பட்டு, ஸ்டென்சில் அடித்த இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நீளமான சொற்கள் பலவும் இலத்தீன், கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. துண்டுகளுக்குப் பொருள் தெரிந்தால் சொல்லைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை என்றார். தெர்மோ என்றால் வெப்பம், மீட்டர் என்றால் அளப்பது. டெலி என்றால் தொலைவு, ஃபோன் என்றால் ஒலி. ஒரே வாரத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தோட்டத்தில் ஆங்கிலம் எழுதியிருந்த எதையும் நான் முழுசாக விட்டுவைக்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் புண்ணுக்குப் போடும் ஆன்டிசெப்டிக் அழுகலுக்கு எதிரானது. மானேஜருக்கு வரும் கடித உறையில் இருந்த சூப்பரின்டென்டன்ட் மேலே இருந்து பார்க்கிறவர். அதை உடைக்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டில், தொழிலாளர் வீடுகள் ஒட்டியிருந்த அதே லயத்தில், என் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. மாமாவுக்குப் பால் ஸ்டோரில் வேலை. ரப்பர் பாலை உறையவைக்க அங்கே ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் பெயர், எறும்புக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று ஒருநாள் அவரிடம் போய்ச் சொன்னேன்.

“அடிப்பாவி, இத்தன வருசமா நான் எறும்புகிட்டயா வேல செஞ்சேன்? கிராணிகிட்ட சொல்லிடாத லா, அவரு எறும்புக்கும் பேர் பதிஞ்சுடுவாரு” என்றார் மாமா. சிரிக்கும்போது அவருக்குத் தோள்கள் குலுங்கும்.

தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களையெல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார். முறைப்படி அவருடைய வேலை அதுவல்ல. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். மாலையில் அவர் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தது, மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்குள் எல்லா லயத்துக்கும் தெரிந்திருக்கும். அதனால் பெண்கள் சில காகிதங்களை அவரிடம் கொண்டுபோக மாட்டார்கள். பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.

அத்தையின் டின்னிலும் அப்படி ஒன்று இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவருக்குப் பிரசவத்தில் குழந்தை இறந்துபோயிற்று. அவரும் போயிருக்க வேண்டியவர். பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு மாதவிலக்கு வரவில்லை. உடம்பில் இரத்தம் இல்லை என்று லயத்துப் பெண்கள் கூடித் தீர்மானித்து முருங்கைக்கீரையும் நல்லெண்ணெயும் விதித்திருந்தார்கள். அத்தை இரண்டையும் விடாமல் சாப்பிட்டார். ஒவ்வொரு மாசியிலும் மாமாவோடு கடலோரக் கோயிலுக்குப் போய், பிள்ளை வரம் கேட்டு அரசமரத்தில் துணித்தொட்டில் கட்டிவிட்டு வருவார்.

மாமா வீட்டில் இல்லாத ஒரு சனிக்கிழமை மத்தியானம், அத்தை என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆஸ்பத்திரிக் காகிதத்தை விரித்து, அதிலேயே நீளமான சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“நீ ஒடைப்பியாமே. இத ஒடைச்சுக் காட்டு.”

ஹிஸ்டரெக்டமி. பின்பாதி என் தாளில் இருந்தது. எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுத்தல். டான்சில், குடல்வால் எல்லாவற்றுக்கும் அதுதான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

“சரி, எனக்கு எத எடுத்தாங்க?”

முன்பாதி தாளில் இல்லை. திங்கட்கிழமை கேட்டுவந்து சொல்வதாகச் சொல்லி, அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டேன். அத்தை காகிதத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து, டின்னில் வைத்து மூடினார். இந்த வருடத் தொட்டிலுக்கு மஞ்சள் துணி வாங்கி வைத்திருந்ததையும் காட்டினார். நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல துணி என்றேன்.

திங்கட்கிழமை ஆசிரியை அந்தச் சொல்லைப் பார்த்ததும், இது யாருடையது என்று கேட்டார். பத்திரிகையில் பார்த்தது என்றேன். இதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம் என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்ற பிறகு விடுவேனா? நூலகத்தில் இருந்த பெரிய அகராதியில் கிரேக்க வேர் கிடைத்தது. அதற்கு அங்கே கொடுத்திருந்த ஆங்கிலச் சொல்லை, தமிழ்ப் பள்ளியில் பரிசாக வாங்கிய சின்ன அகராதியில் தேடினேன். கணக்கு சரியாக வந்தது. நோட்டில் கோடு போட்டு, இரண்டு பாதிகளுக்கும் எதிரே தமிழில் எழுதினேன்: கருப்பை, வெட்டி எடுத்தல். எழுத்து அழகாக இருக்க வேண்டுமென்று இரண்டாவது முறை எழுதினேன்.

பஸ் நிற்கும் மண்சாலை முனையிலிருந்து மாமாதான் என்னைச் சைக்கிளில் ஏற்றிவருவார். பின்னால் உட்கார்ந்தபடி, இன்று ஒரு பெரிய சொல்லை உடைத்தேன் என்று அதைப் பொருளோடு சொல்லியும் காட்டினேன். சைக்கிள் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அத்தகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல மாமா.”

“சொல்லாத. அன்னிக்கு டாக்டர் என்னத் தனியா கூப்புட்டு எல்லாம் சொன்னாரு. எடுத்தாத்தான் உசிரு நிக்கும்னாரு. கையெழுத்துப் போட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடைஞ்சிடுவா.”

கணவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் காலத்தில் போதும். நோயாளிக்கு யார் எடுத்துச் சொல்வது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. இது பின்னாளில் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சரியான விடை கையில் இருந்தும் சொல்லக் கூடாது என்பதுதான். சத்தியம் செய்து கொடுத்தேன். மீதித் தூரத்துக்கு மாமா சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் அத்தை வந்தார். அம்மா குழாயடியில் இருந்தார்.

“என்னா, கண்டுபுடிச்சியா?”

“மிஸ்ஸுக்கும் தெரியல அத்த” என்றேன். பொய் நன்றாகவே வந்தது. ஆனால் பாடம் எழுதிக்கொண்டிருந்த நோட்டு, அந்தச் சொல் இருந்த பக்கத்தோடு மடியில் விரிந்து கிடந்தது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் தெரியும், மூன்றாம் வகுப்பு வரை போனவர். என் அழகான எழுத்தை அவர் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

என் மடியிலிருந்து நோட்டை எடுத்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நெனச்சேன்” என்றார். “ஒடம்புக்குத் தெரியாமயா இருக்கும்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பின்னலில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டார்.

“மாமாகிட்ட மூச்சு விட்றாத. புள்ள புள்ளன்னு இருக்கற மனுசன். தாங்க மாட்டாரு.”

அவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரே கோப்பின் இரண்டு பிரதிகள் இரண்டு மேசைகளில் பூட்டிக் கிடக்க, இரண்டுக்கும் சாவி என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் இப்படி நடந்தால் குறிப்பு எழுதி ஒரே நாளில் சரிசெய்துவிடலாம்.

மாசியில் கோயிலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் அவர்கள். மாமா எனக்கு ஐஸ் வாங்கித் தந்தார். அத்தை வடை வாங்கித் தந்தார். இரண்டும் எதற்கென்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் தெரியாது என்ற பெருமையில் இரண்டையும் தின்றேன். மரத்தடியில் கூட்டம். கடற்காற்றில் எல்லாத் தொட்டில்களும் ஆடின. அத்தை மஞ்சள் துணியை உதறி எடுத்துக் கொடுக்க, மாமா எட்டி, வெறும் கிளையாகப் பார்த்துக் கட்டினார்.

“நல்லா இறுக்கிக் கட்டுங்க. காத்து அடிக்குது, அவுந்துரப் போவுது.”

மாமா இன்னொரு முடிச்சுப் போட்டார். சரியா என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினார். இரண்டு பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி, மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றார்கள். எனக்குக் கால் வலித்தது. அடுத்த வருடம் இவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாமே, இரண்டு பேரில் யாரிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.