வேற்றுக்கிரகத்தான் சொன்ன பாதிக்கதை

கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிளறிய பசைக்கு ஒரு மணம் உண்டு. பாதி களியின் மணம், பாதி நனைந்த செம்பின் மணம். சண்டிலிப்பாயில் வளர்ந்த எனக்குக் கதைப்புத்தகம் என்றால் அந்த மணம்தான். கடையில் வாங்கிய நாவல்கள் எங்கள் வீடுகளில் குறைவு. இந்தியாவிலிருந்து வந்த வாரச் சஞ்சிகைகளில் பிடித்த தொடர்கதையை அம்மாமார் வாரவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் சாக்கு ஊசியால் தைத்து, பழைய கலண்டர் மட்டையை அட்டையாக வைத்துப் பசை பூசி, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்துக் காயவிடுவார்கள். அதற்குக் "கட்டின புத்தகம்" என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுச் சஞ்சிகை எதுவும் கடல் தாண்டி வராமல், மின்சாரமும் இல்லாமல், றேடியோவுக்கு பற்றறியும் அருமையாகிப்போன காலத்தில், அந்தப் பழைய கட்டுகள்தான் ஊருக்குள் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

பதினைந்து வயதில் எனக்கு விஞ்ஞானக் கதைப் பைத்தியம். உடுவிலில் நான் படித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருந்ததையும் ஊர் வாசிகசாலையில் இருந்ததையும் முடித்துவிட்டேன். முடித்த எல்லாவற்றின் மேலும் எனக்கு ஒரே கோபம். பூமியிலிருந்து ஒருவன் ரொக்கெற்றில் ஏறிப் போவான், அங்கே இருப்பவர்களுக்குப் பச்சைத் தோலும் மூன்று கண்ணும் இருக்கும், வாய் திறந்தால் உங்களை அழிக்கப்போகிறோம் என்பார்கள், கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவார்கள். அவர்களுக்குப் பசித்தால் என்ன செய்வார்கள், எங்களைக் கண்டால் அவர்களுக்குச் சிரிப்பு வராதா என்று ஒருவருக்கும் யோசனை இல்லை. வேற்றுக்கிரகத்தவனே தன் வாயால் சொல்கிற கதை ஏதும் இருக்கிறதா என்று வாசிகசாலையைத் திறந்து மூடுகிற அண்ணையிடம் கேட்டேன். அவர் பழைய பேப்பரை மடித்துக்கொண்டே, "அவனுக்குத் தமிழ் தெரிஞ்சால்தானே தங்கச்சி எழுதுவான்" என்றார்.

தமிழ் தெரிந்த ஒருவனைக் கண்டுபிடித்தவள் என் மச்சாள் வதனி. அப்பாவின் தங்கையின் மகள். எங்கள் ஒழுங்கையில்தான் வீடு, என்னுடைய வகுப்புத்தான். அவள் வீட்டில் ஒரு குடும்பக்கதைக் கட்டு இருந்தது. அக்காவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை தங்கையை விரும்பிவிடுகிற கதை. அதை வாசித்துக்கொண்டு போனவள் ஒருநாள் அத்தியாயம் முடிந்த தாளைத் திருப்பியதும், அது வேறு கதை என்று தெரியாமலே பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். "இவர்கள் நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் கண்ணை மூடிப் படுத்துச் செத்துப் பார்க்கிறார்கள், பிறகு எழுந்து, அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர் குடிக்கிறார்கள்" என்று இருந்ததாம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். குடும்பக்கதை ஒவ்வொரு வாரமும் முடிகிற தாளின் முதுகிலே இந்த இன்னொரு கதை தொடங்கியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டே பக்கம். முதற்பக்கம் குடும்பக்கதையோடு ஒட்டிக்கொண்டு தப்பிவிட்டது. அடுத்த பக்கம் இருந்த தாள் யாருக்கும் வேண்டாததாகி, சீனி கட்டுகிற "சரை"யாகவோ அடுப்பு மூட்டவோ போய்விட்டது. கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் இருந்த மேல்விளிம்பை, புத்தகம் மட்டமாக வரவேண்டும் என்று கத்தியால் சீவிவிட்டார்கள். ஆக எங்களுக்குக் கிடைத்தது பெயரில்லாத ஒரு கதை, அதிலும் சரி பாதி.

அந்தப் பாதி போதுமாக இருந்தது. பூமியைப் பார்த்து எழுதி அனுப்புவதற்காக இறக்கிவிடப்பட்ட ஒருவன், ஏதோ ஒரு நகரத்தில் மாடி அறையொன்றில் வாடகைக்கு இருந்துகொண்டு கதையைச் சொல்கிறான். "குழந்தைகள் உரத்துச் சத்தமிட்டால் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது. வானம் உரத்துச் சத்தமிட்டாலும் தண்ணீர் வருகிறது. இரண்டுக்கும் தொடர்புண்டா என்று ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்" என்பான். இல்லாத பக்கங்களை நாங்களே சொல்லி நிரப்பினோம். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம், அவளது சைக்கிளும் எனதும் ஒட்டிக்கொண்டு போக, அதில் சண்டை. மாரி முடிய அவனை ஏற்றிப்போகக் கப்பல் வரும் என்று பாதியிலேயே சொல்லிவிட்டான். போவானா, இங்கேயே நிற்பானா என்பதுதான் மிச்சக் கதை. நான் நிற்பான் என்றேன். போகாமல் என்ன செய்வான் என்றாள் வதனி.

அந்த வருடம் கனடாவிலிருந்த அவளது தகப்பன் அனுப்பிய "ஸ்பொன்சர்" சரிவந்தது. பொங்கல் முடியத் தாயும் அவளும் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பறப்பது என்று முடிவாயிற்று.  அதுவரை விளையாட்டாகத் தேடிய கதையின் முடிவை வதனி விடாமல் தேடத் தொடங்கினாள். "அவன் என்ன செய்தவன் எண்டு பாத்திட்டுத்தான் போவன்" என்று ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுப் புத்தகத்தில் முடிவு இல்லை. கடைசி இதழ்கள் வரவேண்டிய நேரத்தில் இங்கே சண்டை தொடங்கி, எல்லாம் நின்றுபோயிருந்தன. அந்தக் குடும்பக்கதையைக் கட்டி வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டோம். பின்பக்கத்துக்காகக் கேட்கிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டு குமர்ப்பிள்ளைகள் கலியாணக் கதையின் முடிவைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்கள் என்று பெண்களுக்கு நல்ல பம்பல். "கொம்மாட்டைச் சொல்லி ஒரு மாப்பிளை பாக்கச் சொல்லட்டோ" என்று கிணற்றடியில் நின்ற ஒரு மாமி கேட்க, மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

குடும்பக்கதை முழுவதும் இருந்தது பரிமளம் மாமியிடம். தோட்டக்கார வீடு. அவவின் தமையன் வல்வெட்டித்துறையில் இருந்ததால், இந்தியாவுக்குப் படகோடியவர்களிடம் சொல்லி, வராமல் போன இதழ்களையும் எடுப்பித்துக் கொடுத்திருந்தார். மாமி புத்தகத்தை வெளியே கொடுக்கமாட்டா. கைகழுவிவிட்டு விறாந்தைப் பாயில் இருந்து வாசிக்கலாம். அவ ஒருபக்கம் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனோம். கடைசிக்கு முதல்வாரத்துப் பின்பக்கத்தின் அடியில் "இரு தொடர்களும் அடுத்த இதழில் முடியும்" என்றிருந்தது. புதுத் தொடர்கள் தொடங்குவதற்காக இரண்டு கதையையும் ஒரே இதழில் முடித்திருக்கிறார்கள். வதனி தாளைப் புரட்டினாள். தங்கைக்குத் தாலி ஏறியது. அந்தத் தாளைத் திருப்ப முடியவில்லை.

கட்டு கழன்றுபோகாமல் இருக்கக் கடைசித் தாளை மட்டையோடு சேர்த்து ஒட்டிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். மாமி நன்றாகவே ஒட்டியிருந்தா. நாங்கள் இத்தனை நாளாகத் தேடிய பக்கம் பசைக்குள் முகம் குப்புறக் கிடந்தது.

வதனி ஓரத்தை நகத்தால் மெல்லத் தொட்டாள். "நகத்தை எடு பிள்ளை" என்றா மாமி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கலியாணம்தானே முடிஞ்சுது, இன்னும் என்ன பாக்கிறாய்?"

சொல்லாமல் தீராது. வதனி தொடக்கத்திலிருந்து சொன்னாள். நாங்கள் இட்டு நிரப்பிய பாதிகளையும் கதையோடு கதையாகச் சேர்த்துத்தான் சொன்னாள். குழந்தையும் மழையும் வந்த இடத்தில் மாமியின் கை நின்றது.

"உவனுக்கு இஞ்சை ஒருதருமில்லையோ?"

"இல்லை மாமி."

"அப்ப சாப்பாடு?"

"கீழ்வீட்டுக்காரப் பொம்பிளை குடுக்கிறவ."

மாமி வெங்காயப் பிடியைக் கீழே வைத்தா. "கப்பல் வந்ததோ?"

"அதுதான் மாமி இந்த ஒற்றைக்குப் பின்னாலை கிடக்கு" என்றாள் வதனி.  வதனி கனடாவுக்கு வெளிக்கிடப்போவது ஊருக்கே தெரியும், மாமிக்கும் தெரியும். மாமி எழும்பிப் போய் ஒரு சட்டியில் தண்ணீரும் பழைய வேட்டித் துண்டும் கொண்டுவந்தா. நான் பதறிப்போய்க் கலியாணப் பக்கம் பழுதாகிவிடுமே என்றேன்.

"கலியாணம் நடந்தது எனக்குத் தெரியும்" என்றா மாமி. "உவன்ரை அலுவலைப் பாப்பம்."

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு மாமியே உரித்தா. தாள் இரண்டாகப் பிரிந்தது. மேற்தோல் தாலியோடும் மேளத்தோடும் கையில் வந்துவிட, எங்கள் கதை அச்சான கீழ்த்தோல் மட்டையிலேயே நின்றுவிட்டது. ஈரத்தில் எழுத்துகள் தெரிந்தன, ஆனால் எல்லாம் இடம்வலம் மாறி. நான் உள்ளே ஓடிப்போய் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மாமி கண்ணாடியைப் பிடிக்க, வதனி அதற்குள் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். காய்ந்த இடத்தில் எழுத்து மறைந்துவிடும். நான் விடாமல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

கப்பல் வந்துவிட்டது, ஒருவரும் காணவில்லை என்று இருந்தது. எழுதி முடித்துவிட்டாயா என்று அவனது ஆட்கள் கேட்கிறார்கள். முடித்துவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் இவர்களில் ஒருவர் வந்து ஏதாவது சொல்லிவிடுகிறார் என்கிறான். பிறகு வதனி அந்தப் பக்கத்தின் கடைசி வரிகளை வாசித்தாள்: "படிக்கட்டின் நடுவில் நிற்கிறேன். மேலே கப்பல் காத்திருக்கிறது. கீழே சோறு ஆறிக்கொண்டிருக்கிறது."

அவ்வளவுதான். மற்றப் பக்கம் எந்தக் கடையிலோ சரையாய்ப் போயிருந்தது.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு மாமி யோசித்தா. "சோறு போட்டாச்செண்டால் சாப்பிட்டிட்டுத்தான் போவான்" என்றா. வதனி மட்டை காய்ந்து வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காணும் மாமி, இவ்வளவும் போதும்" என்றாள். பொங்கல் கழிந்து அவளும் தாயும் போனார்கள்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் இருந்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது மாமியின் வீட்டுக்குக் கூரை இல்லை. புத்தகங்களும் இல்லை. இப்போது தொடர்கதை கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை. கட்டுவதற்குத் தொடர்கதையும் இல்லை. அந்நிய இனமே பேசுகிற நாவல் வேண்டுமென்றால் கைத்தொலைபேசியில் தேடினால் போதும். கடலடியில் வாழ்கிறவர்கள், குரலே இல்லாதவர்கள் என்று விதவிதமாகச் சொல்லும் கதைகளை வாங்கிக் குவித்திருக்கிறேன். சிலது மிக நல்லவை. பலதில் ஐம்பதாம் பக்கத்துக்குள்ளேயே, தோலை மாற்றிப் போட்ட மனிதன்தான் பேசுகிறான் என்று பிடிபட்டுவிடும்.

போன வருடம் சென்னையில், பழைய சஞ்சிகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓரிடத்தில், குடும்பக்கதையின் பெயரைச் சொல்லி அந்த இதழை எடுப்பித்தேன். மற்றப் பக்கம் இருந்தது. அதில் அவன் பேசவே இல்லை. ஒரு பேராசிரியர் சாய்வு நாற்காலியில் திடுக்கிட்டு விழிக்கிறார், மனைவி கோப்பியோடு நிற்கிறாள், எல்லாம் கனவு. நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். அவன் கடைசி வரைக்கும் தன் வாயாலேயே பேசிய பிரதி உலகத்தில் ஒன்றுதான், மாமியின் மட்டையில், இருந்திருக்கிறது என்று அப்போது விளங்கியது.

அன்றைக்கே வதனிக்கு ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள், தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் சொல்லி முடிய அடுப்பை அணைத்தாள். 

"உது அவன் எழுதேல்லையடி" என்றாள். "வேறை ஆரோ எழுதிப்போட்டினம்."