ஃபிதென்சியோ கோப்பை விளிம்பில் வைத்த உப்பு

மார்கரீட்டா என்ற மதுக்கலவையை முதலில் கலக்கியது யார் என்று கேட்டால் மெக்சிகோவின் திஹுவானாவில் ஒருவர் மார்தட்டுவார், ஹுவாரெஸில் இன்னொருவர். யாரோ ஒரு அழகிக்காகக் கலக்கினார்களாம். கலக்கியிருக்கட்டும். எங்கள் என்செனாதாவில் ஃபிதென்சியோ அர்பாயோ கலக்கியதை நான் கண்ணால் பார்த்தவன். அதற்காக அந்தக் குட்டை மனிதரை இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

துறைமுகத்துக்குப் பின்தெருவில் அவருடைய மதுக்கடை. சரியான சிடுமூஞ்சி. மத்தி மீன் ஆலையில் வேலை பார்த்த நாங்கள் சனிக்கிழமை மதியமானால் அங்கேதான் கிடப்போம். இடது கைக் கட்டைவிரல் இடுக்கில் உப்பு, அதே கை விரல்களில் எலுமிச்சைத் துண்டு, வலது கையில் தெக்கீலா மது. உப்பை நக்கி, மதுவை விழுங்கி, எலுமிச்சையைக் கடிக்க வேண்டும்.

ஆலை இயந்திரம் எங்களில் ஒருவனான நபோரின் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோயிற்று. புண் ஆறி அவன் கடைக்கு வந்த அன்று வழக்கம்போல் எல்லோரும் உப்பை எடுத்தோம். அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கையில உப்பு வச்சுக்கறேன், நீ நக்கிக்க மாப்ளே," என்றான் எங்கள் கூட்டத்துச் சிரில்லோ.

நாங்களும் சிரித்துத் தொலைத்தோம், மடையர்கள். நபோர் குடிக்காமலே எழுந்து போனான். அதன் பிறகு வீட்டை விட்டே வெளியே வரவில்லை. அவன் மனைவி எலோடியா கடைவாசலில் வந்து நின்று ஃபிதென்சியோவிடம் அழுதாள்.

"சுவத்தைப் பாத்துட்டே படுத்திருக்காருண்ணே. சாப்பாடும் இறங்கல. எனக்கு பயமா இருக்கு."

ஃபிதென்சியோ அடுத்த சனிக்கிழமை கடையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய் நபோரைக் கையோடு இழுத்து வந்தார். தெக்கீலாவில் எலுமிச்சையைப் பிழிந்தார். புளிப்பு முகத்தைச் சுளிக்க வைக்குமென்று கொஞ்சம் ஆரஞ்சு மது விட்டார். கோப்பைகளின் விளிம்பை நனைத்து, உப்புத் தட்டில் கவிழ்த்து எடுத்து ஊற்றினார். நபோருக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்.

"என்னண்ணே இது, சர்பத்தா?" என்றான் சிரில்லோ.

"எலுமிச்சை நறுக்க சோம்பலா இருக்கு. இதான் கிடைக்கும். பிடிக்கலைன்னா கடல்ல போய்க் குடி."

குடித்தோம். உதட்டில் உப்பு, நாக்கில் புளிப்பு, பின்னாலேயே நெருப்பும் இனிப்பும். எல்லாம் ஒரே மடக்கில். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரின் இடது கையும் வேலையில்லாமல் மடியில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்படியும் ஒரு மனுஷனுக்குத் தோன்றுமா!

நபோர் கோப்பையைக் காலி செய்து மேஜையில் வைத்தான்.

"உப்பு ஜாஸ்தி," என்றான். "இன்னொண்ணு ஊத்துண்ணே."