படுத்தபடியே மலையிறங்கியவன்

காவலர் வேலைக்கு மனுப் போடுவதும் ஒரு வேலைதான். இதில் சேரும் வயது பதினெட்டு, ஓய்வு பெறும் வயது எங்கள் பிரிவுக்கு இருபத்தெட்டு. எனக்கு இருபத்தேழு முடியப்போகிறது. ஏதாவதொரு மாநகரத்தில் காக்கிச் சட்டை போட்டு நிற்க வேண்டும் என்று கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் போளூரிலிருந்து மூன்று முறை மலையிறங்கியிருக்கிறேன். எழுத்துத் தேர்வில் மூன்று முறையும் தேறினேன். வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் அஞ்சல் வழியில். படிக்கச் சொன்னால் படித்துவிடுவேன். என் கஷ்டமெல்லாம் உடம்போடுதான். அளவு நாடாவுக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நின்றவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

சமதரை இல்லாத ஊர்

ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். எங்கள் ஊரில் சமமாக இருப்பது கேரட் கழுவும் தொட்டியின் அடித்தரை மட்டும்தான். அதனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாதித் தூரம் சாலையில் மேலே ஏறி, அதே வழியில் கீழே ஓடிவருவேன். ஏறும்போது மூச்சு வாய்க்கு வந்துவிடும். திரும்பியதும் கால்கள் தாமாகவே இறங்கும். ஏழு நிமிடத்துக்குள் எப்போதும் முடித்துவிடுவேன். மலைக்காரனுக்கு ஓட்டமெல்லாம் ஒரு சோலியா என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன்.

ஒருநாள் வெள்ளனே, மூடுபனியில், எனக்கு முன்னால் போன ஜீப் சட்டென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "ஏலே, ஏறணும்னா கையக் காட்ட வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுத் தூரம் பின்னாடியே ஓடியார்ற?"

மூச்சு

முதல் முறை மதுரையில் காலையிலேயே அளந்துவிட்டார்கள். நூற்றெழுபது சென்டிமீட்டர் உயரம் கேட்பார்கள். எனக்குச் சரியாக அதுவே இருந்தது. அடுத்தது மார்பு. சும்மா நிற்கும்போது ஓர் அளவு, மூச்சை இழுத்து ஓர் அளவு. இரண்டுக்கும் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டும். நானோ வரிசையில் நிற்கும்போதே பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன். முதல் அளவு பிரமாதமாக வந்தது. "இப்ப விரி" என்றபோது விரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொரு தடவை அளந்தார். இன்னும் பயந்தேன், இன்னும் இறுக்கினேன். ஏட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "விட்டாத்தான தம்பி இழுக்க முடியும்?"

மத்தியானத்து உயரம்

இரண்டாம் முறை மூச்சை விடப் பழகிக்கொண்டு போனேன். ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து கொடைக்கானல், இன்னொன்றில் உட்கார்ந்து மதுரை, பிறகு மைதானத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருப்பு. என் முறை வந்தபோது மத்தியானம். அரை சென்டிமீட்டர் குறைவு என்றார்கள். மறுபடி அளக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அதிகாரி முன்னால் அளந்தார்கள். அதே அரை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் கன்னிவாடிக்காரன். தூங்கி எழுந்ததும் எல்லோரும் கொஞ்சம் நீளமாக இருப்பார்களாம். நேரம் ஆக ஆக முதுகெலும்பு அமுங்கிவிடுமாம். போன தடவை காலையில் அளந்தார்கள் என்று நான் சொன்னதும் அவன் பரிதாபமாகப் பார்த்தான். "அப்ப சரிதான். நீங்க பஸ்ல உக்காந்தே தேஞ்சுட்டீங்கண்ணே."

ஒரு டீ

எழுத்துத் தேர்வில் முதலில் தேறிய நாளிலிருந்து எங்கள் ஊர் டீக்கடைக்காரர் என்னை "ஏட்டய்யா" என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். ஆனாலும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை எவனோ அறுத்துவிட்டான் என்று ஒருவர் என்னிடமே புகார் சொல்லுமளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் முறை தோற்றபோதும் அவர் அதை மாற்றவில்லை.

இரண்டாம் முறை திரும்பிவந்த அன்று பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்துவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பிக்கு ஒரு டீ போடு."

காலையும் மாலையும்

கன்னிவாடிக்காரன் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுகாதார நிலையத்தில் சுவரோடு ஓர் உயரக்கோல் உண்டு. திறந்ததும் ஒருமுறை, மூடுவதற்கு முன் ஒருமுறை போய் நிற்பேன். அவன் சொன்னது உண்மைதான். காலையில் நான் காவலர், சாயங்காலம் இல்லை.

நர்ஸம்மா ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு கேட்டார்கள்: "காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்திரைதான் குடுப்போம். ஒசரத்துக்குமா தம்பி?"

கேரட் மூட்டை

கடைசி வாய்ப்பு வந்தது. இதை விட்டால் வயது முடிந்தது. உட்காரக் கூடாது என்றால் படுத்துத்தான் போக வேண்டும். அப்பா கேரட் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். மதுரைச் சந்தைக்கு ராத்திரி போகும் லாரியில் டிரைவரிடம் கேட்டு இடம் வாங்கிவிட்டார். மூட்டைகளின் மேல் நான் நீட்டிப் படுத்தேன். தார்ப்பாய் என்மேல் அடிக்காமல் இருக்க அதைப் பிடித்தபடி அப்பா என் தலைமாட்டில் குந்திக்கொண்டார்.

வத்தலக்குண்டு போய்ச் சேரும்வரை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். டிரைவர் வண்டியை நிறுத்தி ஏறிவந்து பார்த்தார். எழுந்து உட்காரச் சொன்னார். நான் தலையாட்டி மறுத்தேன். அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்ணே, ஒங்க மகன் போலீசுக்குப் போறானா, போஸ்ட்மார்ட்டத்துக்குப் போறானா?"

சமதரை

காலையில் உயரம் சரியாக இருந்தது. மார்பு அளக்கும்போது மூச்சை முழுக்க விட்டேன், அதுவும் சரி. மூன்று முறையில் முதல்முறையாக ஓட்டத்துக்கு அனுப்பினார்கள்.

அவ்வளவு பெரிய சமதரையில் நான் ஓடியதே இல்லை. வயிற்றில் ஒன்றுமில்லை, வெயில் வேறு. பாதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பாதி தாண்டியதும் என் கால்கள் பழக்கப்படி இறக்கத்துக்குக் காத்திருந்தன. இறக்கம் வரவில்லை. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். விசில் ஊதியபோது எனக்கு இன்னும் ஒரு முழுச் சுற்று மிச்சமிருந்தது. என்னைக் கைத்தாங்கலாக ஓரமாகக் கொண்டுபோன காவலர், "இம்புட்டு ஒசரமா இருந்துக்கிட்டு ஓட முடியலையா தம்பி?" என்றார். என்னை யாரும் உயரம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். இரவெல்லாம் குந்தியிருந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து. என்ன ஆயிற்று என்று சொன்னேன். "ஒசரம் சரியா இருந்துச்சுல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பப் போதும்யா. வா, போறப்ப ரெண்டு பேரும் உக்காந்துக்கிட்டே போவோம்."

ஆக, சக மனுதாரர்களே, காவல்துறை கேட்ட உயரத்துக்கு நான் வளர்ந்துதான் இருந்தேன், காலை வேளைகளில் மட்டும்.