அண்ணி வைத்த நீளக் கம்பி

புது வண்டியின் கூரை நடுவில் அண்ணி சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதைப் பார்த்த அண்ணன், கையிலிருந்த காபி டம்ளரோடு அப்படியே வாசலுக்கு ஓடிவந்தார். அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. அண்ணன் என்பது அண்ணியின் கணவரை. திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும்.

“மாலை கூட வாடல, அதுக்குள்ள வண்டியில ஓட்டையா? மழை பெஞ்சா என் தலையிலதான ஊத்தும்?” என்றார் அண்ணன்.

“ரப்பர் வாஷர் போட்டா ஒரு சொட்டு எறங்காதுங்க.”

என் வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “குடை புடிச்சிக்கிட்டே ஓட்டுங்களேன் மாமா!”

“வா மச்சான், உன் வண்டியில போட்டுடலாம்.”

“என்கிட்ட சைக்கிள்தான் இருக்குது மாமா. அதுக்கு ஏது கூரை?”

அண்ணி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தவர். ஹாம் ரேடியோ என்பதற்குப் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி வைத்திருந்தார். டெலிபோன் கம்பியும் வேண்டாம், செல்போன் கோபுரமும் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு மைக், மாடியில் ஒரு கம்பி, அவ்வளவுதான். யாரோ முகம் தெரியாத மனுசர் எங்கிருந்தோ “டீச்சரம்மா, நல்லாக் கேக்குது” என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கதவோரம் நின்று கேட்பேனே தவிர, உள்ளே போக மாட்டேன். கல்யாண வீட்டிலும் பந்தி பரிமாறும் பக்கம் ஒதுங்கிவிடுகிற ஆள் நான். அண்ணியும் வற்புறுத்த மாட்டார். கதவை மட்டும் சாத்தாமல் வைத்திருப்பார்.

வீட்டில் பேசியது போதாதென்று வண்டியிலிருந்தும் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அதற்கு இரண்டு ஆன்டெனாக்களை வரவழைத்திருந்தார். ஒன்று குட்டை, பூ அளக்கிற முழத்தில் ஒரு முழம் இருக்கும். அடியில் காந்தம், கூரையில் வைத்தால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று அதைப்போல இரண்டு பங்குக்கும் மேலே நீளம். அதை நிறுத்தத்தான் ஓட்டை கேட்டார். “டவுனுக்குள்ள சுத்துறதுக்குக் குட்டை போதும். சிதம்பரம் பக்கம் போனா வயலாத் தட்டையாக் கெடக்குது பாரு, அங்க நீளக் கம்பிதான் தரையை ஒட்டியே தூரமாப் போவும்” என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அண்ணன் மசியவில்லை. குட்டை கூரையில் ஒட்டிக்கொண்டது. நீளம் பரணுக்குப் போனது. சாக்பீஸ் குறியை அண்ணனே ஈரத் துணியால் துடைத்தார்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. ஆனால் அந்த முறை என் மகளுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளைக் கீரப்பாளையத்தில் கொடுத்திருக்கிறோம். குழந்தை குறுக்காகக் கிடக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காற்று பிடிக்கும் முன்னாலேயே மருமகன் அவளைச் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் செய்தார். அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் கரண்டும் இல்லை, போனும் இல்லை. காற்று ஓய்ந்தபோது தெருவெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. நான் அடுப்புப் பற்றவைப்பேன், அணைப்பேன். என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் இருந்தேன்.

கலெக்டர் ஆபீசிலிருந்து அண்ணியைத் தேடி ஆள் வந்தது. அங்கே ஒரு ஹாம் ரேடியோக்காரர் உட்கார்ந்துவிட்டார். சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் இன்னொருவர் இருக்கிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு எட்டவில்லை. பாதி வழியில் ஒரு வண்டி நின்றுகொண்டு, இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணி பரணிலிருந்து நீளக் கம்பியை இறக்கினார். யாரும் கேட்காமலே அண்ணன் தெருக்கோடி ஆசாரியிடம் போய்க் கையால் சுற்றுகிற துளைப்பானை வாங்கிவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே கூரை நடுவில் அவரே ஓட்டை போட்டார். “பாத்துப் போடுங்க மாமா, இஞ்சின்ல எறங்கிடப் போவுது” என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தோம்.

புதுக் கம்பியை அப்படியே வைத்துப் பேச முடியாது. வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் அனுப்புவார்களாம். நுனியை நறுக்கி நறுக்கிச் சரிபண்ண வேண்டும். அதற்கு ஒரு முள் மீட்டர் உண்டு. நாம் அனுப்புவதில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அந்த முள் காட்டும். முள் இறங்கினால் நல்லது. அண்ணி மைக்கை அழுத்துவார், முள்ளைப் பார்ப்பார், இறங்கிவந்து நெல்மணி அளவு நறுக்குவார், மறுபடி போய் அழுத்துவார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. எங்கள் ஊரில் வழியனுப்புவது என்றால் தள்ளி நின்று கையாட்டுவதில்லை. வண்டியின் கூரையில் கை ஊன்றி, ஜன்னலுக்குள் தலையை விட்டு, “என் தங்கச்சியைப் பாத்தா சொல்லுங்க”, “எங்க அப்பாரு மாத்திரை தீந்துபோச்சு” என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அண்ணி கடைசியாக நறுக்கினார். முள் அடியோடு படுத்தது. நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

புதுச்சத்திரம் வரை மரங்களை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டிச் சாலைக்குக் குறுக்கே மரங்கள் விழுந்து கிடந்தன. அதற்குமேல் வண்டி போகாது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர். அண்ணி கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மீட்டரைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. முள் மேலே நின்றது.

அண்ணி கம்பியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நம்ம தெரு ஜனத்தையும் சேத்து அளந்துட்டேங்க! ஆளு கிட்ட நின்னா கம்பி நீளம் ஜாஸ்தியாக் காட்டும். அதை நம்பி ஒட்ட நறுக்கிட்டேன். இப்ப அவுங்க அத்தனை பேரும் வந்து நின்னாத்தான் இது பேசும்.”

“மச்சானை மட்டும் கூட்டியாந்தாப் போதும். அவன் வாய்க்கே முள்ளு படுத்துடும்” என்றார் அண்ணன்.

நறுக்கியது நறுக்கியதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி பதறவில்லை. வண்டியில் கிடந்த ஒயரின் தோலை உரித்துச் செம்புக் கம்பியை எடுத்தார். அதை ஆன்டெனா நுனியில் இறுக்கமாக முறுக்கி, கொஞ்சம் மேலே நீட்டிவிட்டார். முறுக்கு அவிழாமல் இருக்க நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கிட்டே போனேன். அண்ணி உள்ளே உட்கார்ந்து அழுத்தினார். “இரு, அப்படியே ரெண்டடி பின்னால போ” என்றார். போனேன். “இப்ப வா.” வந்தேன். “இங்க வந்து பாரும்மா” என்று மீட்டரைக் காட்டி, அண்ணனைக் கம்பிக்குக் கிட்டே போய் வரச் சொன்னார். ஆள் நெருங்க முள் நகர்ந்தது; விலக, திரும்பியது. யாரும் எதையும் தொடவில்லை. “உனக்கும் இப்படித்தான் நகந்துச்சு” என்றார்.

நான் வந்ததும் போனதும் எந்தச் சபையிலும் யாருக்கும் தெரிந்ததில்லை. நாம் சும்மா நிற்பது கூட வெறும் காற்றில் எதையோ அசைக்கிறது என்றால், மனுசர் ஒவ்வொருவரும் எத்தனை பெரிய சங்கதி! இன்றைக்குப் பேத்தி கீரப்பாளையத்திலிருந்து போனில் முகத்தைக் காட்டிப் பேசுகிறாள். அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். முகம் தெரிகிற அந்தப் போனைக் கையில் பிடிக்கும்போதும் எனக்கு அந்த முள்தான் பெரிய அதிசயமாக இருக்கிறது.

“இப்ப தள்ளிப் போயிடுங்க” என்று அண்ணி சொன்னதும், அண்ணன் சாலையோரம் போய் நின்றார். எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. வரப்பில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, வண்டி சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டேன். என்னால் கெட்டுவிடக் கூடாது. அண்ணி இறங்குவார், செம்பு நுனியைத் துளி நறுக்குவார், ஏறுவார். ஒரு தடவை ஏறியவர் இறங்கவே இல்லை. மைக்கின் மேல் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. என்ன பேசுகிறார், யாரோடு பேசுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. சாமி பெயர் கூட எனக்கு வாயில் வரவில்லை.

கதவு திறந்தது. அண்ணி பாதி உடம்பை வெளியே நீட்டி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். “பொம்பளப் புள்ள! ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்களாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உன் மருமவன் பக்கத்துலயே நிக்கிறாராம்!”

நான் தண்ணீருக்குள்ளேயே கைகூப்பினேன். “ஏம்மா அங்க நிக்கிற? வா!” என்று அண்ணன் சாலையிலிருந்து கூப்பிட்டார். அண்ணி அதற்குள் மறுபடி மைக்கை வாயருகே வைத்துவிட்டார். எங்கள் தெருக்காரர் அப்பாவின் மாத்திரையோ, யாருடைய தங்கச்சியோ. எனக்குச் சேதி வந்துவிட்டது. அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, இன்னும் நாலடி பின்னால் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.