சவுத் கென்சிங்டனில் செல்லாமல் போன என் வோட்டு

1995 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சுக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க நான் லண்டன் அப்டன் பார்க்கில் ரயில் ஏறினேன். சிரிக்காதீங்க. நான் பாண்டிச்சேரிக்காரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பமே பிரெஞ்சுப் பிரஜைகள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கலைன்னா, முன்னால் வந்த ரெண்டு பேருக்கும் மறுபடி தேர்தல் வைப்பாங்க. அந்த ரெண்டாம் சுற்றுக்குத்தான் போனேன்.

பொழுதுபோகாமல் போகலை. பாரிஸில் என் தம்பியை, பிறந்ததிலிருந்து பிரெஞ்சுக்காரனா இருக்கிறவனை, ஆபீஸ் ஆபீஸா "நிஜமா பிரெஞ்சுதானா, ஆதாரம் கொண்டா" என்று அலையவிட்டாங்க. வாரா வாரம் போன் பண்ணிப் புலம்புவான். அவங்களுக்குப் பதில் சொல்ல என்கிட்ட இருந்தது அந்த ஒரு வோட்டுத்தான்.

டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறாமல் ஒரே ரயில். முக்கால் மணி நேரம் என்பாங்க, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து பிரெஞ்சுத் துணைத் தூதரகம் நடக்கிற தூரம்தான். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியா வந்தவர், வோட்டு இல்லை. அதனால் வெளியே நின்றார்.

ஒவ்வொரு வேட்பாளர் பெயரும் தனிச் சீட்டில் அச்சடிச்சிருக்கும். நமக்கு வேண்டியதை உறையில் போட்டுப் பெட்டியில் போடணும். சீட்டுகள் அங்கேயும் இருக்கும், எங்களுக்குத் தபாலிலும் வந்திருந்தது. நான் எடுத்து வெச்ச சீட்டைக் காலையில் வீட்டுக்காரர் மடிச்சுக் கையில் கொடுத்திருந்தார். பிரிச்சுப் பார்க்காமல் அப்படியே உறையில் போட்டேன்.

எண்ணுவதை வோட்டர்கள் நின்று பார்க்கலாம். சாயங்காலம் நானும் நின்றேன். ஒரு பெண் ஓர் உறையைப் பிரிச்சுச் சீட்டைத் தூக்கிப் பிடிச்சாள். நான் போட்ட ஆளின் பெயர், மூலையில் சிவப்பா ஒரு பொட்டு. ரத்தமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். சீட்டில் எந்த அடையாளம் இருந்தாலும் செல்லாதாம். தனியா ஒதுக்கி வெச்சுட்டாங்க.

அடப்பாவி மனுஷா, குங்குமம்! முக்கியமான எந்தக் காகிதத்தையும் சாமிப் படத்தடியில் வெச்சு, மூலையில் பொட்டு வெச்சுத்தான் அனுப்புவார். அகதி விண்ணப்பத்துக்கும் அப்படித்தான் செய்தாராம், விசா கிடைச்சுதாம். சாமிக்கே பிரெஞ்சுச் சட்டம் தெரியாதுன்னு யார் அவருக்குச் சொல்றது?

வெளியே வந்து நடுரோட்டிலேயே கத்தினேன். யாரைக் கேட்டு என் சீட்டில் கையை வெச்சீங்க, என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது என்றேன். கடைசியில் மெதுவா சொன்னார்:

"எனக்கெண்டு ஒரு நாட்டிலையும் வோட்டு இல்லை. உம்மடை வோட்டிலையாவது என்ரை விரல் படட்டும் எண்டு நினைச்சன்."

எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இப்படிச் சொல்லிவிட்டால் நான் யாரைத் திட்டுவது? திரும்பும்போது ரயிலில் வேற பெட்டியில் போய் ஏறினேன். நான் போட்டவர் தோத்தார். ஒரு வோட்டால் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆறவில்லை.

லண்டனிலிருந்து வோட்டுப் போடப் போறவங்களுக்கு ஒன்று சொல்றேன்: வீட்டுச் சீட்டைக் கொண்டு போகாதீங்க, அங்கே மேசையில் இருப்பதை எடுங்க. வீட்டில் யார் எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் சரி.

ரெண்டு வருஷம் கழிச்சு அவருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது. அது இல்லாமலே இலங்கைக்காரர் இங்கே வோட்டுப் போடலாம்னு எங்களுக்கு அதுவரை தெரியாது. முதல் வோட்டுப் போடக் குளிச்சு, நெற்றியில் விபூதிப் பட்டை போட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டு, சோப்புப் போட்டு விரலைக் கழுவ வெச்சுட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டேன்.