ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவர்

புக்கிட் பெருவாங்கில் நாங்கள் வாங்கியது முப்பது வருஷத்துப் பழைய தாமான் குடியிருப்பு வீடு. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் செம்பு. சுவருக்குள் புதைத்துப் பூசியிருந்தார்கள். "காப்பர் பைப், உசத்தி" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நானும் மண்டையை ஆட்டினேன். மூன்றாவது வருஷம் சமையலறைச் சுவரில் பச்சையாகக் கறை படர்ந்தது. செம்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஒன்றை அடைத்தால் இரண்டு முழம் தள்ளி இன்னொன்று.

தரை எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அவள் சமையலறைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். குழாயை மாற்றத்தான் வேண்டும் என்றேன். எங்களோடு இருந்த அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுல ஆணி கூட அடிக்கக் கூடாது. நீ செவுத்தையே ஒடைக்கிறேங்கிற. பொறந்த பெறகு செஞ்சிக்கலாம்லா."

அம்மா லூபோக் சீனா பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். என்னைச் சுமந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்கு ஆணி அடித்ததற்கே சண்டைக்குப் போனாராம். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வழுக்கி விழுந்தால் மட்டும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று கத்தினேன். அம்மா துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மாவும் மனைவியும் கிளினிக்குக்குப் போன நேரமாகப் பார்த்து, பைப் வேலை செய்யும் அண்ணன் ஒருவரை வரச் சொன்னேன். செம்பை அப்படியே விட்டுவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடலாம், சூடு வைத்து ஒட்டுவதால் மூட்டு கசியாது, பெரும்பகுதி கூரைக்கு அடியில் ஓடிவிடும் என்றார். சமையலறைச் சுவரை மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டியே ஆகவேண்டுமாம். போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

"தம்பி, வீட்ல யாரும் மாசமா இல்லல்ல? இருந்தா நான் சுத்தியல எடுக்க மாட்டேன்."

"இல்லண்ணே," என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரம் அம்மா லூபோக் சீனாவில் மாமா வீட்டுக்குப் போனார். அதுதான் சமயம் என்று மனைவியிடம், "தங்கா பத்துல இருக்கற உங்க அக்கா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்றேன். அவளுக்குப் போக மனமில்லை. "கார்ல குலுங்கிட்டு இப்ப எதுக்குங்க?" என்றாள். நான்தான் வற்புறுத்திக் கொண்டுபோய் விட்டேன்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. உருகிய பிளாஸ்டிக் வாடை போக எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். வெட்டிய இடத்தைப் பூசிச் சாயம் அடித்து, அதன் முன்னால் ஐஸ்பெட்டியை நகர்த்தினேன். திரும்பி வந்த இருவரிடமும், எல்லாம் கூரை வழியாகப் போட்டாயிற்று, ஓர் ஆணிகூட அடிக்கவில்லை என்றேன். தரை காய்ந்தது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழந்தை போய்விட்டது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். பிள்ளையின் இதயமே சரியாக உருவாகவில்லை, இது யாரும் எதுவும் செய்ததால் வந்ததல்ல என்றார். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் அம்மாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார்.

"அஞ்சு மாசத்துல கார்ல குலுங்கிக்கிட்டு அக்கா வீட்டுக்கு ஓடுனா எப்படித் தங்கும்? நான் இல்லாத நேரம் பாத்துப் போயிருக்கா."

மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என்னைப் பார்ப்பாள். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன். நான்தான் அவளை அனுப்பினேன் என்று சொல்லியிருக்கலாம். எதற்கு அனுப்பினாய் என்று அடுத்த கேள்வி வரும். சுவரை உடைத்தேன் என்று சொன்னால், அம்மாவின் கண்ணுக்கு நான்தான் பிள்ளையைக் கொன்றவன். ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க என்னால் முடியாது என்று பயந்தேன். அவளால் முடியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வெட்கங்கெட்டவன்.

ஒரு மாதம் பொறுத்தாள். ஒரு காலையில் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"செவுத்த ஒடச்சீங்கன்னு வந்த அன்னைக்கே தெரியும். ஐஸ்பெட்டிக்கு அடியில சிமெண்டுத் தூள் கெடந்துச்சு. எனக்குக் கோவம் இல்ல. நான் வழுக்கிடக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க. டாக்டர் சொன்னதையும் நான் கேட்டேன்." ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆனா அத்தை பேசறப்பல்லாம், இப்பச் சொல்வாரு, இப்பச் சொல்வாருன்னு உங்க வாயவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் அக்கா வீட்டுக்கா? யாரு இவளப் போகச் சொல்றது?"

அவள் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றாள். என் பதிலுக்காகத்தான் நின்றாள். நான் கார்க் கதவைத் திறந்து பையைப் பின்சீட்டில் வைத்தேன்.